பெல்வுட் துரை என்று ஒருவர் இருந்ததே இல்லை

என் பாக்கியத்துக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. நமக்குள் கடிதம் எழுதுகிற வழக்கமே இருந்ததில்லை. கடையில் ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. இருமினால் கேட்கிற தூரம். இப்போது எழுதினால்தான் உண்டு என்று ஆகிவிட்டது.

முதலில் ஊர்ச் சேதி. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து கொடி மாறிவிட்டது, அதை நீ பார்க்கவில்லை. தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறுகிறார்கள். காஜா பெராங் சாலை அப்படியேதான் இருக்கிறது. மழை வந்தால் நம் கடை வாசலில்தான் தண்ணீர் நிற்கும், அதுவும் மாறவில்லை. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாளுக்கு இப்போதும் நாலு சேவல். "உன் பெண்டாட்டி போனப்புறந்தான் என் சேவலுக்கெல்லாம் வாலு முழுசா இருக்கு" என்று, தமிழ் மறந்த அந்த வம்சத்து மலாயில் சொல்லிச் சிரிக்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறாள்.

நீ பிடுங்கிய அந்த வால் இறகுகளில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஜப்பான்காரன் போன புதிது. தூண்டில் முள்ளையும் நரம்பையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடற்கரை கடற்கரையாக விற்றுக்கொண்டிருந்தேன். வெறும் முள்ளை எவனும் விற்பான், இறகு கட்டிக் கொடுங்கள் என்று நீதான் சொன்னாய். மல்லிகைச் சரம் கட்டுகிறவள் நீ. அதே மாதிரி கால் கட்டைவிரலில் நூலை மாட்டி இழுத்து, வெள்ளைச் சேவல் இறகை முள்ளோடு சேர்த்துக் கட்டினாய். இடது கைக்காரி என்பதால் உன் முடிச்சு இடப்பக்கம் சாய்ந்து விழும். தண்ணீருக்குள் அது எப்படித்தான் துடிக்குமோ, தெங்கிரி, அதுதான் நம் வஞ்சிர மீன், கண்டால் விடாது.

ரப்பர்த் தோட்டத்து மேனேஜர் ஒருவன் அதைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். என் சம்சாரம் கட்டியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே, "இங்கிலாந்து சரக்கா?" என்றான்.

நான் பொய் பேசவில்லை பாக்கியம். தலையைத்தான் ஆட்டினேன்.

அடுத்த மாதம் முள்ளைக் குத்தி விற்க அட்டை அடிக்கப் போனேன். கம்பெனிப் பெயர் என்ன என்று சீனர் அச்சகத்தில் கேட்டார்கள். குன்றின் மேல் பழைய வெள்ளைக்காரக் கல்லறை ஒன்றில் பார்த்த பெயர் வாயில் வந்தது. பெல்வுட். அப்படிப் பிறந்தார் நம் துரை. பிறகு கடை பிடித்தோம், பலகையிலும் அவர் பெயரையே எழுதினோம். எழுதிய கையோடு திரைச்சீலையை மாட்டினேன். கடை திறந்திருக்கும்போது முன்னால் வராதே, யாராவது நீ கட்டுவதைப் பார்த்துவிட்டால் தொலைந்தோம் என்றேன்.

"ஏங்க, நான் என்ன கள்ளக் கடத்தல் சாமானா?" என்று சிரித்தாய்.

நானும் சிரித்தேன். அதன் பிறகு பத்து வருடம் பகலில் அந்தக் கடையின் முன்பக்கத்தை நீ பார்க்கவில்லை. புழுக்கம் தாங்காமல் விசிறிக்கொள்ளும் சத்தம் கேட்கும். ஒரு நாளாவது திரையை விலக்கி, கொஞ்சம் காற்று வாங்கு என்று சொன்னேனா? வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. வேறென்ன சொல்ல?

இப்போது அந்த முக்காலியில் மரகதம் உட்காருகிறாள். நம் மகளுக்கு உன் கை அப்படியே வந்திருக்கிறது, இடது கை உட்பட.

விஷயத்துக்கு வருகிறேன். மீன்பிடிப் பிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் செயலாளர் டிக்ரூஸ், சர்க்கார் கிளார்க், போர்த்துகீசிய வம்சத்துச் சட்டைக்காரர். சங்க மலரில் பெல்வுட்டின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். பேசியதெல்லாம் மலாய்தான், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"முதலாளி, இந்த முடிச்சு இடப்பக்கம் சாயுது பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு இது வராது. இங்கிலீஷ்காரன் ரகசியம்."

"ஆமாமா, அதுக்குன்னு அங்கே துரைகிட்ட மட்டும் ஒரு மிஷின் இருக்கு."

"மிஷினா! கையால சுத்துறதா, காலால மிதிக்கிறதா?"

"கால்தான்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அந்த ஊர் எப்படி, துரைக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் கொடுத்துக்கொண்டே போனேன். கடைசியில் விலாசம் கொடுங்கள், சங்கத்தின் சார்பில் ஒரு நன்றிக் கடிதம் போட வேண்டும் என்றார். வியர்த்துவிட்டது. விலாசத்துக்கு எங்கே போவேன்?

"அவர் இறந்துட்டாருங்க" என்றேன்.

டிக்ரூஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அடடா. எப்போ? என்ன உடம்புக்கு?"

போன வருடம், நெஞ்சுச் சளி, ஒன்பது நாள் காய்ச்சல், கடைசி இரண்டு நாள் பேச்சில்லை என்றேன். எனக்குத் தெரிந்த சாவு அது ஒன்றுதானே! உன் சாவைத் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டேன். டிக்ரூஸ் என் கையைப் பிடித்து, "ரொம்ப நல்ல மனுஷன் போலிருக்கு" என்றார்.

உனக்காக இப்படி யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

துரை செத்த சேதி இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இனி கிடைக்காது என்று ஆளாளுக்கு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். செங் கிராமத்திலிருந்து ஒருவர் மழையில் நனைந்துகொண்டே வந்தார். அலமாரி காலி. அப்போதுதான் உறைத்தது: செத்தவன் கட்டியதைப் புதிதாக எப்படித் தொங்கவிடுவேன்? மரகதம் கட்டி முடித்தவை ஒரு பெட்டி நிறைய உள்ளே கிடக்கின்றன. வெளியே வைத்தால் நான் பொய்யன். வைக்காவிட்டால் அவள் கைக்கு வேலை இல்லை. நாலு பக்கமும் நானே கட்டிய சுவர், கதவு வைக்கத்தான் மறந்துவிட்டேன்.

மரகதம் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கடை திறந்திருந்த நேரம்.

"ஏம்ப்பா, அன்னைக்கு நீங்க தொரையைச் சாகடிச்சீங்களே, செத்தது யாரு? அம்மாவா, நானா?"

"சத்தம் போடாதம்மா, ஆளுங்க வருவாங்க."

"வரட்டும். தொரைங்க எல்லாரும் கப்பல் ஏறிட்டாங்க, நம்ம தொரை மட்டும் போகவே மாட்டேங்கிறாரு. செத்தும் போக மாட்டேங்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவள் நூலைத் தொடவில்லை.

உனக்கு எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிப் பெட்டிக்குள் வைத்தால் மறுபடியும் உன்னை ஒளித்துவைத்ததாக ஆகும். அதனால் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன். பெருமையோடு மகளிடம் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டிக்ரூஸ் தமிழ் படிப்பாராப்பா? சங்கத்துல யாரு படிப்பாங்க? ஒத்துக்கிட்ட மாதிரியும் இருக்கணும், யாவாரமும் கெடக்கூடாது. அப்படித்தானே?"

என் மகள் அல்லவா, என்னை அளந்து வைத்திருக்கிறாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். உனக்கு எழுதுகிற கடிதத்திலேயே தப்பிக்கச் சந்து பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம், ஏசலாம். கடை படுத்தாலும் படுக்கும்; பொய்யனிடம் எவன் வாங்குவான்? பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு டிக்ரூஸ் தான் எழுதியதைப் படித்துக் காட்ட வருகிறார். சங்க மலரும் இங்கிலீஷ், அவர் நோட்டும் இங்கிலீஷ். அதனால் அந்தப் பாஷையிலேயே இரண்டு வாக்கியம் எழுதிக் கொடு என்று மரகதத்திடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தாள். காலையிலிருந்து நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறேன், நாக்கு புரள மாட்டேன் என்கிறது. மூன்று தடவை திருத்தினாள்.

நீ கவலைப்படாதே. எப்படியும் தடுக்கி விழாமல் சொல்லிவிடுவேன், அவர் எழுதிக்கொள்கிற வரைக்கும் சொல்வேன், உனக்காக அதைத் தமிழில் எழுதுகிறேன்: "இவை எல்லாவற்றையும் கட்டியவள் என் மனைவி. அவள் பெயர் தனபாக்கியம்."

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், மரகதத்தின் அப்பன்