டிராக்டரை ஓட்டியவள்

பாட்டியாலா, பிப்ரவரி 3

என் பிரியமுள்ள பிரப்லீன் தீதிக்கு,

போனில் சொன்னால், "எடிட்டிங்ல இருக்கேன், வைடி" என்பாய், அதனால்தான் கடிதம். ஊடகவியல் வகுப்பில் இன்று நீ எடிட் செய்த, பாடகன் லவ்ஜோத்தின் பாட்டு வீடியோவைத்தான் எடுத்துப் பேசினேன்! கேமரா ஆணின் கண்ணாகிவிடுகிறது என்ற கோட்பாட்டைப் பொருத்திப் பார்த்தேன். பாடகனுக்கு எடுத்த எடுப்பிலேயே முகம். கூட வரும் மாடல் பெண்ணுக்குச் செருப்பு, இடுப்பு, உதடு, கடைசியில்தான் முகம். போஸ்டரிலோ அவளுக்குத் தலையே இல்லை. "பாட்டை விக்க அவன் முகம், அவனை விக்க அவ இடுப்பு" என்றேன். வகுப்பே கைதட்டியது! எடிட் செய்தது நீ என்று மட்டும் சொல்லவில்லை. கோபமா?

உன் சீரத்

மொஹாலி, பிப்ரவரி 9

அடி வாயாடி,

கோபம்தான். அந்த இடுப்பில்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது. அதைவிட, அக்கா பெயரைச் சொல்ல உனக்குக் கூசியதே, அதுதான் வலிக்கிறது.

ஆனால் புதுப் பாட்டின் டீசருக்கு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கடுகு வயல், டிராக்டர். லவ்ஜோத்துக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது! அதில் சாய்ந்து நிற்க மட்டும் வந்த மாடல் பெண் சிம்ரத், "தள்ளி உக்காருங்க பாஜி" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டு வயலுக்கு ஓட்டிப் போனாள். அவன் மட்கார்டைக் கட்டிக்கொண்டு, "மெதுவா போம்மா, விழுந்துடுவேன்!" என்று கத்துகிறான். கேமராமேன் சும்மா எடுத்து வைத்தது. வழக்கப்படி அது குப்பைக்கு. டீசரில் சேர்த்தால் என் வேலைக்கே உலை. சேர்க்கவா?

பிரப்லீன்

பாட்டியாலா, பிப்ரவரி 13

தீதி,

சேர்! சேர்! அவளுக்கு முதலில் முகம் கொடு. வேலை போனால் என் விடுதிக்கு வந்துவிடு, மெஸ் ராஜ்மாவை இருவரும் சேர்ந்து திட்டலாம். கூசியது உண்மைதான். மன்னித்துவிடு.

சீரத்

மொஹாலி, பிப்ரவரி 20

என் தங்கமே,

அதைச் சேர்த்து டீசரைப் போட்டுக் காட்டிவிட்டேன்! பாட்டுக் கம்பெனிக்காரர்கள், "யாரைக் கேட்டுச் செஞ்சே? அவரை யாரு ஹீரோன்னு நம்புவாங்க?" என்று குதித்தார்கள். லவ்ஜோத் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதுதான் வெளிய போகணும். நான் கத்துறதை வெட்டிடாதீங்க!" என்றான். போஸ்டரிலும் அவள் தலையோடு இருக்கிறாள், கையில் ஸ்டியரிங்!

டீசர் நேற்று வெளிவந்தது. இன்று காலையில் சிம்ரத் போன் செய்தாள். "தீதி, இத்தனை வீடியோவில முகம் சரியாவே தெரியாததால, 'அது நான்தான்'னு சொல்லியும் அம்மா நம்பினதே இல்ல. இன்னிக்கு அவங்களே தெருவையே கூப்பிட்டுக் காட்டுறாங்க" என்றாள். இருவரும் போனிலேயே அழுதோம், சிரித்தோம்.

இதையும் வகுப்பில் போடு. எடிட் செய்தது யாரென்று கேட்பார்கள். இந்தத் தடவை சொல்லு.

உன் தீதி,
பிரப்லீன்