உறுமல் இருக்கும்வரை

12, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். "புரிஞ்சுது" என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடம் இதையே ஆராய்ந்தும் பதில் இல்லை.

செக் நாட்டிலிருந்து வந்த, தகடு அழுத்தும் புது பிரஸ் வெள்ளிக்கிழமை ஓடப்போகிறது. எச்சரிக்கை வாக்கியங்களைச் செக்கிலிருந்து தமிழாக்கியவள் நான். வேலை செய்பவர்களுக்குப் புரிந்ததா என்று சோதித்தவளும் நான். முனைவர் பட்டத்துக்குச் செக் பிள்ளைகளிடம் செய்த அதே முறை: வாக்கியம், மூன்று படம், சரியானதைத் தொட வேண்டும். அந்தப் பிள்ளைகள் கூசாமல் "நெவீம்" என்பார்கள், தெரியாது என்று. இங்கே ஒரகடம் தொழிற்சாலையில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் பாஸ்.

உறுத்துகிறது.

வாங்க: பால், எறும்புப் பொடி, மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

13, புதன்

வெயில். செக் கையேட்டில் சத்தத்துக்கு மட்டும் எத்தனை அடைமொழி. மங்கலானது, அடைத்தது, அடித்தொண்டையில் உறுமுவது. கடைசியதுதான் முக்கியம். விளக்கு அணைந்தாலும் உறுமல் இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருக்கிறது. கை போகக் கூடாது. போனால் திரும்பி வராது.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வீர்கள் என்று லைனில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டேன். கௌரி, வடக்குப்பட்டுப் பெண், வெள்ளியன்று பிரஸ்ஸில் முதலில் நிற்கப்போகிறவள்: "மிசினுன்னா சத்தம் போட்டுக்கினுதான் கீது மேடம். அதுக்கு இன்னா பேரு?"

பக்கத்தில் இருந்தவள்: "இவ மாமியார் பேரை எழுதிக்கோங்க மேடம்."

சிரிப்பு. நானும்.

14, வியாழன்

கார் சர்வீஸில். கம்பெனி பஸ். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்ததால் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பின் சீட்டில் கௌரியும், புதிதாகச் சேர்ந்த ஸ்டெல்லாவும்.

"மேடம் மூணு படம் காட்டுவாங்க. கை வெளிய கீற படத்தைத் தொடு. எது கேட்டாலும் அதான்."

"படிக்க வேணாவாக்கா?"

"இன்னாத்துக்கு? எங்களுக்கும் பஸ்லதான் சொன்னாங்க. பெயிலானா பேக்கிங்ல தள்ளிடுவாங்க, ஓ.டி. காசு போச்சு."

எந்த சூப்பர்வைசர் கத்துவார், கேன்டீனில் எந்த வரிசை சீக்கிரம் நகரும், என் சோதனைக்கு என்ன பதில். புதியவர்களுக்கு எல்லாம் பஸ்ஸில்தான். அக்கறையில் சொல்வது. நான்தான் எல்லாக் கேள்விக்கும் கை வெளியே இருப்பதையே சரியான படமாக வைத்திருக்கிறேன். என் மாணவி ஒருத்தி இப்படிச் சோதனை செய்திருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கௌரி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டுவது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. அந்தக் கை.

சூப்பர்வைசர் தாமோதரனிடம் சொன்னேன். யார் பேரையும் சொல்லவில்லை. "எல்லாம் பாஸுன்னு நீங்கதான மேடம் கையெழுத்து போட்டீங்க? நாளைக்கு ஜி.எம். வராரு. கெளப்பாதீங்க."

பிரஸ்ஸைப் பொருத்த வந்திருக்கும் செக் இன்ஜினியர் மாரெக்கிடம் போனேன். பயத்தில் எனக்குச் செக் வரவில்லை. அடைமொழி ஒன்றுகூட வாயில் இல்லை. "கை, கை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். புரிந்தது என்றார். நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டேன்.



15, வெள்ளி

தூறல். பிரஸ் ஓடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாரெக் மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மிசினுக்கு மின்சாரம் இல்லை, உள்ளே அழுத்தமும் இல்லை. ஜி.எம். கடிகாரத்தைப் பார்த்தார். தாமோதரன் என்னைப் பார்க்கவில்லை.

இன்று படம் இல்லை. "மிசின் ஓடுறதா நெனச்சுக்கோ. ஒரு பீஸ் முடிஞ்சுது. எப்படி எடுப்ப, செஞ்சு காட்டு" என்று கௌரியிடம் சொன்னேன். விளக்கு அணைந்தது என்று சொல்லிவிட்டு, மாரெக் போனில் பதிந்து வைத்திருந்த உறுமலை ஸ்பீக்கரில் போட்டேன். ஷெட் முழுக்கக் கேட்டது.

கௌரி காத்திருக்கவில்லை. கை முழங்கை வரை உள்ளே போயிற்று. உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது.

கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"கரெக்டா மேடம்?"