ஜனவரிக் கல்

3 ஜனவரி 2026, சனி

கடைவாசலில் புது பேனர் தொங்குகிறது. "ஜனவரியில் பிறந்தவரா? உங்கள் கல் கார்னெட்!" மாதத்துக்கு ஒரு கல்லாம். முதலாளி மகன் நேசக்குமார் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு புதுமை. இந்த வாரம் என் தலையில் விடிந்தது. கல் கவுண்டரில் நிற்கிறவர்கள் அந்த மாதக் கல் மோதிரத்தைக் கையில் போட்டுக்கொண்டுதான் விற்க வேண்டும். சாயங்காலம் கழற்றி ட்ரேயில் வைத்துவிட வேண்டும்.

பக்கத்தில் நிற்கும் சரண்யாதேவி சந்தோஷமாக விரலை நீட்டினாள். நான் அசையவில்லை.

"அக்கா, காதும் கழுத்தும் மூளியா நின்னு நகை வித்தா யாரு வாங்குவா? ஒரு மோதிரந்தான. ஒங்களுக்கும் ஜனவரிதான், ஐடி கார்டுல பாத்தேன்" என்றான் நேசக்குமார்.

பதினேழாம் தேதி. அதையும் பார்த்து வைத்திருக்கிறான் பயல். முடியாதென்றால் வேறு கவுண்டர்தான் என்று ஜாடையாகச் சொல்லிவிட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

5 ஜனவரி

நாசரேத்தில் நான் பிறந்த வீட்டில் நகைக்குக் குறைவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அன்றைக்குக் காதில் கழுத்தில் கிடந்ததையெல்லாம் கழற்றி அம்மா கையில் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் பெவினின் சபையில் பெண்கள் பொட்டுத் தங்கம் போட மாட்டார்கள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கே அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, பொய் சொல்வானேன். இப்போது காதுத் துளைகூடத் தூர்ந்துவிட்டது.

நகைக்கடையில் வேலை என்றதும் பாஸ்டர் யோசித்தார். பெவின்தான் முடித்து வைத்தார். "வித்தா வேலை, போட்டா ஆசை. இவ விக்கத்தான போறா."

போடுவதும் வேலைதான் என்கிறானே நேசக்குமார், இதற்கு என்ன பதில்? பெவினிடம் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஏன் பயம்? சொன்னால் நிம்மதிதானே?

8 ஜனவரி

போட்டுவிட்டேன்.

9 ஜனவரி

ட்ரேயில் கிடக்கும்போது கறுப்பாகத்தான் தெரிகிறது, ஆறிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி. ஜன்னல் பக்கம் கையை நீட்டினால் உள்ளேயிருந்து சிவப்பு எழுந்து வருகிறது. வாங்க வருகிறவர்கள் ட்ரேயை விட்டுவிட்டு என் கையைத்தான் பார்க்கிறார்கள். பயல் சொன்னது பலிக்கிறது.

விளாத்திகுளத்திலிருந்து ஒருவர் ராகுவுக்குக் கோமேதகம் கேட்டு வந்தார். கோமேதகமும் கார்னெட்டில் ஒரு வகைதான் என்றேன். "அப்ப ராகுவும் ஜனவரியும் ஒரே குடும்பத்துச் சொக்காரங்களா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் போட்டேன்.

மத்தியானம் புன்னைக்காயலிலிருந்து ஒரு அம்மா, மருமகளுக்கு எடுக்க.

"சர்ட்டிபிகேட்ல ஜூனு. பெறந்தது என்னமோ ஜனவரி. எந்தக் கல்லு எடுக்கம்மா?"

"பெத்தவ சொல்லுத மாசத்துக்கு எடுங்க. பள்ளிக்கூடத்துல போட்ட மாசத்த நம்பாதீங்க" என்றேன். இருந்தாலும் ஜூனுக்கு முத்து என்று எடுத்துக் காட்டினேன்.

"முத்தா? எங்க பாட்டன் கடல்ல முங்கி எடுத்தாரு. அப்பல்லாம் மாசம் பாத்தா வித்தாவ?" என்று கார்னெட்டையே எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் மோதிரத்தைக் கழற்றி ட்ரேயில் வைத்தேன். பஸ்ஸில் வரும்போது விரலைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறேன்.

14 ஜனவரி

பொங்கலுக்கு முந்தின நாள், நிற்க நேரமில்லாத கூட்டம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோதுதான் கையைப் பார்த்தேன். மோதிரம். உடனே சரண்யாதேவிக்குப் போன் போட்டேன். "நான் சொல்லிக்கிடுதேன்க்கா, லீவு முடிஞ்சு கொண்டாங்க" என்றாள். மறந்துவிட்டேன் என்றுதான் அவளிடம் சொன்னேன்.

மறந்தேனா?

மோதிரம் இப்போது கடுகு டப்பாவில் இருக்கிறது.

15 ஜனவரி

காலையில் பெவின் துறைமுகத்திலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டார். டப்பாவைத் திறந்து மோதிரத்தை எடுத்துப் போட்டேன். யாருக்கும் விற்பதற்காக இல்லை. இது ஆசைதான், எழுதியே வைக்கிறேன். அதோடேயே கிழங்கு வெட்டினேன், துணி துவைத்தேன். பிறகு கழற்றப் பார்த்தால் வரவில்லை. சோப்பு, தேங்காய் எண்ணெய், எதற்கும் மசியவில்லை. இழுக்க இழுக்க விரல் வீங்கிக்கொண்டு போனது.

சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். ஆட்கள் வருகிற நேரம். வேறு வழி தெரியாமல் பழைய வேட்டியைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினேன். கிழங்கு வெட்டும்போது அரிவாள்மனை பட்டுவிட்டது என்றேன்.

பெவின் விடவில்லை. "சுதாவுக்குக் கையில காயம். எல்லாரும் சேந்து ஜெபிப்போம்" என்று என் கையைத் தம் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். சபையில் மூத்தவர் கிருபை அக்கா, எனக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தார். கட்டுக்குள் கல் விரலை அழுத்திக்கொண்டே இருந்தது.

ஆமென் என்று நானும் சொன்னேன். ஐயோ, என்ன காரியம் செஞ்சிட்டேன். ஒரு கல்லுக்காக, அந்த மனுசன் கையப் புடிச்சிக்கிட்டு—

16 ஜனவரி

மருந்து போடணும் என்று பெவின் கட்டை அவிழ்த்தார். நான் தடுக்கவில்லை.

பார்த்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போனார். போய்விட்டார் என்று நினைத்தேன், நூற்கண்டோடு திரும்பி வந்தார். நூல் நுனியை மோதிரத்துக்கு அடியில் ஊசியால் நுழைத்து, விரல் மூட்டு வரை நெருக்கமாகச் சுற்றினார். பிறகு அடிநுனியைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார். கப்பலுக்குக் கயிறு கட்டுகிற கை. நூல் பிரியப் பிரிய மோதிரமும் நகர்ந்து கழன்றது.

"ஏளா, மோதிரம் போட்டதுகூடப் பரவால்ல. காயம்னு நெனச்சுல்லா உருகி உருகி ஜெபிச்சேன். என்னையக் கோமாளியாக்கிட்டியே."

நூலைக் கண்டில் சுற்றிக்கொண்டே வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

17 ஜனவரி

பிறந்த நாள். ஒவ்வொரு வருஷமும் விடிந்ததும் என் நெற்றியில் கை வைத்து ஜெபிப்பார். இன்றைக்கு சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மோதிரத்தைக் கொடுத்து, இனிப் போட மாட்டேன் என்று நேசக்குமாரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக் கொலுசு கவுண்டருக்கு மாற்றிவிட்டான். அது கிடக்கட்டும். பெவின் எனக்காக இனிமேல் ஜெபிக்கவே மாட்டாரோ? நான் உடம்புக்கு முடியவில்லை என்றால் நம்புவாரா?

18 ஜனவரி, ஞாயிறு

சபைக்குள் நுழைந்ததும் கிருபை அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீறல்கூட இல்லியே! அற்புதம்லா இது! சாட்சி சொல்லு பிள்ள" என்று இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிட்டார். கையில் மைக்.

ஆண்கள் பக்கம் பெவின் குனிந்தே இருந்தார். ஆமாம், அற்புதந்தான் என்று சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"அது காயம் இல்ல. கடை மோதிரம், மாட்டிக்கிட்டு, கழட்ட முடியல. மறைச்சுக் கட்டுனேன். ஆசைப்பட்டுத்தான் போட்டேன்."

பாஸ்டர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். அதற்குள் பெவின் எழுந்துவிட்டார்.

"எல்லாரும் அந்த வெரலுக்குத்தான ஜெபிச்சோம்? மறுநாளே கழண்டு வந்துட்டு. ஸ்தோத்திரம்."

ஸ்தோத்திரம் என்றது சபை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், உப்பளம் ஓரமாக பைக்கை நிறுத்தினார். இறங்கி என் நெற்றியில் கை வைத்தார். "நேத்து விட்டுப்போச்சு" என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். என்ன ஜெபித்தார் என்று பாதி காதில் விழவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

24 ஜனவரி

கொலுசு கவுண்டரில் நிற்கிறேன், கிருபை அக்கா குடையோடு கடைக்குள் வருகிறார். யாருக்குக் கொலுசு என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாங்க வரலம்மா. அந்தக் கல்லு எதுன்னு பாக்கணும்."

கல் கவுண்டருக்குக் கூட்டிப் போனேன். சரண்யாதேவி அதே மோதிரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தார். சிவப்பு தெரியும்வரை பார்த்தார்.

"எனக்கும் ஜனவரிதான் பிள்ள" என்றார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.