பூ செதுக்காத கதவுகள்

12 நவம்பர் 2006, ஞாயிறு
தீபாவளிக்குப் பெண்ணாடத்தில் அம்மா வீட்டுக்குப் போன மதிவதனி இன்னும் திரும்பவில்லை. போன் செய்தேன். "அந்த அடுப்பங்கரையை மாத்தி, கதவு போட்ட அலமாரி வைங்க, வரேன். எட்டு வருஷம் எறும்போடயும் கரப்பானோடயும் சமைச்சது போதும்" என்றாள். ஒரு அலமாரிக்காகவா புருஷனை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்? ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை.

16 நவம்பர், வியாழன்
எங்கள் பீங்கான் பட்டறை முதலாளியோடு மங்கலம்பேட்டை போனேன். துபாயிலிருந்து வந்தவர் ஒருவரின் புது வீடு. அவர் அடுப்பங்கரையில் அலமாரிக் கதவுகள்: சுற்றிலும் நாலு சட்டம், நடுவில் உள்வாங்கிய வெறும் பலகை. பூ இல்லை, கொடி இல்லை. கண்ணை எடுக்க முடியவில்லை. "ஷேக்கர் மாடல் சார், உலகம் பூரா இதான்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அது வேண்டும். உடனே வேண்டும்.

19 நவம்பர், ஞாயிறு
பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம். ஷேக்கர் என்பது கம்பெனி இல்லையாம், ஒரு மதக் கூட்டம். இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணியின் பின்னால் அமெரிக்கா போனவர்கள். உடம்பு குலுங்க ஆடிக் கும்பிடுவதால் அந்தப் பெயர். வேலையும் அவர்களுக்குக் கும்பிடுதான். உபயோகமில்லாத அலங்காரம் கூடாது. நாற்காலியைச் சுவர் முளையில் தலைகீழாக மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்களாம்.

ஆணும் பெண்ணும் சமம், ஆனால் தனித்தனிப் படிக்கட்டு. கல்யாணமே கிடையாது. (என் வீடும் இப்போது அப்படித்தான்.) பிள்ளை பெறாததால் இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் மிச்சம். கதவு மட்டும் இருநூறு வருஷம் தாண்டி மங்கலம்பேட்டை வரை வந்துவிட்டது. எப்படி? பகட்டாக இருப்பது சீக்கிரம் அலுத்துவிடும். எளிமையில் அலுக்க என்ன இருக்கிறது?

3 டிசம்பர், ஞாயிறு
பக்கிரி ஆசாரி வந்தார். மரம் பண்ருட்டிப் பலா என்று முடிவானது. பிரவுசிங் சென்டரில் எடுத்த படத்தைக் காட்டினேன். "இது பாதி வேலையில நிக்கிது சார். ஒரு அன்னப்பட்சியாவது போடுறேன். இல்லன்னா பக்கிரிக்கு வேலை தெரியலன்னு சொல்லுவாங்க." கூடவே கூடாது என்றேன். கதவுக் குமிழுக்கு எங்கள் பட்டறை வெள்ளைப் பீங்கான் உருளையே போதும்.

22 டிசம்பர்
பெண்ணாடத்திலிருந்து மூன்று பஸ் வந்தது. எண்ணவில்லை என்று எழுத நினைத்தேன். எண்ணினேன்.

7 ஜனவரி 2007, ஞாயிறு
முடிந்தது. அப்படியே அந்தப் படம்! வதனியை வரச் சொன்னேன். வந்தாள். கதவைத் திறந்து மூடினாள், விரலால் தடவினாள். "நல்லாருக்குது" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு அலமாரி மேல் வைத்திருந்த அடுப்பு முன்னால் போய் நின்றாள். தோள் இரண்டும் தூக்கிக்கொண்டன. குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்க்கக் குதிகாலை உயர்த்தினாள். "இது யாருக்குக் கட்டுனது? ஒங்க ஒசரத்துக்கு இருக்குது. சமைக்கப் போறது நீங்களா?"

மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

8 ஜனவரி
போகட்டும். எவ்ளோ செஞ்சாலும் ஒரு கொறை! அலமாரி உயரம் முப்பத்தாறு அங்குலம் — இன்டர்நெட்டில் போட்டிருந்த அளவு. நானா கண்டுபிடித்தேன்?

11 ஜனவரி, வியாழன்
ஓட்டல் சாப்பாடு வெறுத்து நானே ரசம் வைத்தேன். ஒரு மணி நேரம் நின்றும் முதுகு வலிக்கவில்லை, எனக்கே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. வெட்கமாக இருந்தது. உபயோகம், உபயோகம் என்று அவ்வளவு படித்தேனே. யாருக்கு உபயோகம் என்று கேட்டேனா? எட்டு வருஷம் கூட இருந்தவள், அவள் எவ்வளவு உயரம் என்றுகூடத் தெரியாது எனக்கு.

12 ஜனவரி
போன் செய்தேன். "முழங்கைக்கு நாலு விரல் கீழ, தரையிலேர்ந்து எத்தன அங்குலம்னு பாத்துச் சொல்லு." போனை வைத்துவிட்டாள்.

14 ஜனவரி, போகி
காலையில் மாமியார் போன். "முப்பத்திரண்டு மாப்ள. நான்தான் டேப்பு புடிச்சேன்." பின்னால் அவள் குரல்: "அரை அங்குலம் கூட இருக்கும்மா, சரியா சொல்லு."

18 ஜனவரி, வியாழன்
பக்கிரி ஆசாரி ரம்பத்தோடு வந்தார். இரண்டு அலமாரியின் கால்களையும் மூன்றரை அங்குலம் அறுக்கச் சொன்னேன். காலை பஸ்ஸில் வந்து, பையை இன்னும் கீழே வைக்காமல் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த மதிவதனி குறுக்கிட்டாள். "அடுப்பு வெச்ச அலமாரிய மட்டும் அறுங்க ஆசாரி. அடுத்தது அப்பிடியே இருக்கட்டும். அவுரும் நின்னு வேலை செய்யணுமில்ல?"