மூன்று முறை கூப்பிட்டாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். எங்கள் கல்லூரி வாசலில் இருக்கும் பேகல் கடையும் நலம். வரிசைதான் தபால் நிலையம் வரை நீள்கிறது.

அங்கே பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். பேகல் தயாரானதும் கடைக்காரி ரோண்டா கத்திக் கூப்பிடுவாள். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால், வரிசையில் அடுத்தவருக்கு அது இலவசம். போன மாதம் நான் "போலீஸ்" என்று பெயர் கொடுத்தேன். அவள் "போலீஸ்!" என்று அலற, குடிக்கும் வயது வராமலே பீர் டின்னோடு நின்ற பையன்கள் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள்.

கல்லூரியில் பெற்றோர் தினமான சனிக்கிழமை காலை, நீங்கள் வருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால், உங்களுக்குப் பிடித்த எள் பேகலை உங்கள் பெயரிலேயே சொல்லி வைத்தேன்.

"வாரன்!" என்றாள் ரோண்டா. பிறகு, "வாரன் சார், ஆறிப்போகுது, வாங்க!" மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏய் போலீஸ்காரி, இதுவும் உன் வேலைதானே? அப்படி ஒரு ஆளே கிடையாது, இல்ல?"

"கண்டுபிடிச்சிட்டீங்களே!" என்றேன். கடையே சிரித்தது. யாரோ ஒருத்தியின் அப்பா அதை வாங்கிச் சாப்பிட்டார்.

வேலை வந்துவிட்டதால் வர முடியாது என்று அன்று மதியம் நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. பரவாயில்லை. உங்கள் வாக்கும் பேகல் ரொட்டி மாதிரிதான், சுற்றி வட்டமாக இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது.

உங்கள் வீட்டில் கிடக்கும் என் குளிர்கோட்டை அனுப்புங்கள். தபாலில். நேரில் கொண்டு வருவதாக மட்டும் சொல்லாதீர்கள், இங்கே பனி ஆரம்பித்துவிட்டது.

வகுப்புக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
டெஸ்