கையால் பேசிய இங்கிலீஷ்

காலையில் ஈப்போவில் மாமாக் சாப்பாட்டுக் கடையில், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயின் மணம் மூக்கில் ஏறியதும், எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, "சிட் டவுன் லா, மச்சான்" என்று சொல்லிவிட்டேன். மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். நீ செத்துப்போய் இத்தனை மாதமாகியும் உன்னோடு படித்த இங்கிலீஷ் என்னை விட்டபாடில்லை.

உன் மகளைப் பெண் பார்க்க வருவது யாழ்ப்பாணத்துக் குடும்பம், மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, வீட்டில் பேசுவதே இங்கிலீஷ்தான் என்று யாரோ உன் காதில் ஓதிவிட்டார்கள். சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, காலமெல்லாம் லாரி ஓட்டிய உனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "நான் வாயத் தொறந்து, அதனால புள்ள கல்யாணம் நின்னு போச்சுன்னா?" என்றாய்.

பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், வீட்டுக்குள் புழங்குவது அப், டவுன், அவுட் ஒட்டிய சில்லறைதான் என்று கண்டுபிடித்தவனும் நீதான். கம் இன், சிட் டவுன், ஈட் அப். முன்பாதி உனக்கு மனப்பாடம், வால்தான் மறந்துபோகும். அதற்காகச் சாடை வைத்தோம். கையைத் தூக்கினால் அப், இறக்கினால் டவுன், வெளியே வீசினால் அவுட். ஒரு வாக்கியமாவது சரியாக வராமல் தே குடிக்கக் கூடாது என்பது உன் சட்டம். அந்த மாதம் முழுக்க நாம் சூடாகத் தே குடித்ததே இல்லை.

அவர்கள் வந்த அன்று, விருந்தாளிகளின் முதுகுக்குப் பின்னால் என்னை நிறுத்திவைத்தாய். "பிளீஸ் சிட்..." என்று இழுத்தாய், கையை இறக்கினேன். "டவுன்!" என்று முழங்கினாய். அடுத்து, "ஐ வில் ஃபேன் டர்ன்..." என்றாய். ஆன் என்பதற்கு நாம் சாடையே வைக்கவில்லை. பதறிப்போய் இரண்டு கைகளையும் காற்றாடியாகச் சுற்றினேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா திரும்பினார்.

"அவருக்கு என்ன செய்யுது?" என்று நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். உள்ளே உன் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

நீ எதையும் மறைக்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. உங்களுக்காகத்தான் படிச்சேன். மிச்சம் அவன் கையில இருக்கு" என்றாய். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். "நானும் உங்களோட பிழையில்லாமத் தமிழ் கதைக்கோணும் எண்டு, வாற வழியெல்லாம் மனுசியோட சொல்லிப் பாத்துக்கொண்டுதான் வந்தனான்" என்றார்.

எல்லாம் பேசித் தட்டு மாற்றும்போது, "கிவ் அவே சொல்லு லா" என்று உன் காதில் கிசுகிசுத்தேன். மகளைத் தாரை வார்ப்பதற்கு அதுதான் இங்கிலீஷ். நீ தலையை ஆட்டி மறுத்துவிட்டாய். "அது எனக்கு வேணாம் மச்சான். எம்புள்ளய நான் எங்கயும் குடுத்துடல. போவா, வருவா" என்றாய். அப்போது உன்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை வந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

நீ சொன்னபடியே அவள் போகிறாள், வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் கறி கொண்டுவருகிறாள். போன வாரம், "மாமா, அப்பா இல்லாம எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஐ கெட் பை" என்றேன். எப்படியோ பொழுது ஓடுகிறது என்று அர்த்தம். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நானும்தான். நீ இல்லாமல் நான் தனியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான், மச்சான்.