உசிலை மரத்தின் எடை

12.7.91, வெள்ளி

போன வாரம் ஒரகடம் காட்டில் சுள்ளி வெட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாவை வனத்துறை வாட்சரிடம் காட்டிக்கொடுத்தது நான்தான். என் ஆய்வுக்காகக் கயிறு கட்டி அளந்து வைத்திருந்த இடம் அது. வாட்சர் வந்து அவளுடைய கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

இன்று அதே இடத்தில் ஒரு சின்ன உசிலை மரத்தை நாங்களே வெட்டினோம். மரத்துக்குள் எவ்வளவு கார்பன் தங்கியிருக்கிறது என்று தெரிய, வெட்டி எடை போடவேண்டும் என்கிறார் என் புரொபசர். கிளை கழிக்க வாட்சர் எடுத்து நீட்டியது அவளுடைய கத்தி. வாங்கிக்கொண்டேன். கட்டை தூக்கக் கூலிக்கு வந்தவளும் அவளே. கத்தியைப் பார்த்தாள்.

துண்டுகளை மூட்டை கட்டும்போதுதான் கேட்டாள்.

"அதான் எட போட்டாச்சே சார், இனிமே இத்த இன்னா பண்ணுவீங்க? எங்கிட்ட குடுத்தா அடுப்புக்காவது ஆவும்."

"காலேஜுக்கு எடுத்துட்டுப் போகணும்மா, டெஸ்ட் இருக்கு."

"இன்னா டெஸ்ட்டு?"

மழை வரும்போல இருக்கிறது, சீக்கிரம் கட்டு என்றேன். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

திங்கட்கிழமை அதை உலையில் வைத்துச் சாம்பலாகும்வரை எரிக்கவேண்டும். அதுதான் டெஸ்ட்.